முழுவாசிப்புக் குற்றம்

ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டவன், அந்தப் புத்தகத்தைப் பற்றி நடுநிலையாகப் பேச லாயக்கற்றவன் ஆகிவிடுகிறான். இதை முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதற்கென்று ஒரு மன்றத்தை ஏற்படுத்தி, மாடிவைத்த கட்டடம் கட்டி, வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு கல் தராசையும் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். இளையோர் நூல் நிறைகுறை மன்றம் என்பது அதன் முழுப்பெயர். ஊரில் யாரும் அவ்வளவு நீளத்துக்கு மூச்சுப் பிடிப்பதில்லை, நிறைகுறை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நிறைகுறையின் முத்திரை விழாத கதைப் புத்தகம் எந்தப் பள்ளி நூலகத்தின் வாசலையும் தாண்ட முடியாது.

எக்ஸ்ரேம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, ஜன்னலில்லாத அறைக்குள் நாள் முழுக்க, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வார்டு பையன்கள் முதல் பெரிய டாக்டர்வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மாதான். அப்படிப்பட்டவள் ஒரு நாவல் எழுதினாள். அதுவும் சாதாரண நாவல் இல்லை. வளர்ந்தும் வளராத வயதுப் பிள்ளைகளுக்கான, இருள் மண்டிய, மாயாஜால நாவல். முதல் நாவல் வேறு. கேட்டவர்களெல்லாம் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்கள்.

அவளுக்கு அதை எழுத ஒரு காரணம் இருந்தது. கணவனின் மார்பை அவளேதான் படம் எடுத்தாள். திரையில், வலது நுரையீரலில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு நிழல் இருந்தது. படம் எடுப்பவர் வாயைத் திறக்கக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். எக்ஸ்ரேம்மா சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனாள். அவனை வார்டில் சேர்த்த பிறகு, அப்பா வந்துடுவாருடா, சீக்கிரம் வந்துடுவாரு என்று பதினாலு வயது மகளிடம் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா வரவில்லை. அன்றிலிருந்து மகள் அம்மாவின் வாயிலிருந்து வரும் எதையும் நம்புவதில்லை. பால் கெட்டுப்போகவில்லை என்று அம்மா சொன்னாலும் மோந்து பார்ப்பாள், மழை வராது என்றால் குடையை எடுத்துக்கொள்வாள்.

நேராகச் சொன்னால் நம்பாதவளிடம் கதையாகச் சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் தினம் கொஞ்சமாகச் சொன்ன கதைதான் நாவலாயிற்று. பெயர் ‘நிழற்பட்டணம்.’ நிலத்துக்கு அடியில் ஒரு பட்டணம், அதற்குள் போய்விட்ட அண்ணன், அவனைத் தேடிப் போகும் தங்கை. வாசலுக்கு வாசல் வாசல்காரன் ஒருவன் நின்றுகொண்டு அவளுடைய ஞாபகங்களில் ஒன்றைக் கூலியாகக் கேட்பான். கடைசியில் தங்கை அண்ணனைக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் அவன் திரும்பி வரக்கூடிய இடத்தில் இல்லை. இவள் மட்டும் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. மகள் அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள், கேட்டுவிட்டு நடுவில் வரும் வாசல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, போரடிக்கிறது என்றாள். கடைசியை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா ஊற்றிக் கொடுத்த பாலை மோந்து பார்க்காமல் குடித்தாள்.

ஒரு சின்னப் பதிப்பாளர் நாவலை அச்சிடச் சம்மதித்தார். முத்திரை வாங்கிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகத்தைப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்குத்தான் விற்க வேண்டியிருக்கும் என்று சொல்லியனுப்பினார்.

நிறைகுறையின் முன்கூடத்தில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது. மேசைக்காரர் அச்சுப்படியை வாங்கினார், முதுகைத் தடவி நடுப்பக்கத்தைக் கண்டுபிடித்தார், இயந்திரத்தில் வைத்து ஒரே அழுத்து. எக்ஸ்ரேம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பாதி மேல்மாடியில் உள்ள நிறைப் பிரிவுக்குப் போகும், பின்பாதி கீழ்த்தளத்தில் உள்ள குறைப் பிரிவுக்குப் போகும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஆரம்பத்தைப் படிப்பவருக்கு ஆசை இருக்கும், அதனால் நல்லதே கண்ணில் படும். முடிவைப் படிப்பவருக்கு அலுப்பு இருக்கும், அதனால் கெட்டதே கண்ணில் படும். இரண்டையும் கூட்டினால் நியாயம்.

முழுதாகப் படித்தால் என்ன என்று கேட்டுவிட்டாள். மேசைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பாதியையும் ஒருத்தரே படிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்கம்மா. சொந்தமா அபிப்பிராயம் வந்துடும். அப்புறம் மன்றம் எதுக்கு?”

நிறைக்காரர்களும் குறைக்காரர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவதில்லை. தேநீர் நேரமும் வேறு வேறு. ஒருமுறை மேல்மாடிக்காரர் ஒருவர் கீழ்த்தளத்துக்காரி ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, வீட்டில் புத்தகப் பேச்சு எடுப்பதில்லை என்று இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் வாழ்த்துச் சொன்னார்களாம். பிறகு அவர்களுக்குப் பிறந்த குழந்தையை இரு பிரிவும் சந்தேகத்தோடுதான் பார்த்ததாம்.

விசாரணை நாளன்று எக்ஸ்ரேம்மா ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். விசாரணைக் கூடத்துக்கு முன்னால் முதலில் இருட்டுச் சோதனை. ஒரு பெண் அதிகாரி, கதையைப் படிக்காமல், இருள், இருட்டு, கறுப்பு, நிழல் ஆகிய சொற்களை எல்லாம் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார். புத்தகம் அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. இவ்வளவு இருட்டு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். வேலை பார்க்கும் அறை அப்படித்தான் என்று எக்ஸ்ரேம்மா சொன்னாள். அந்த அறையில் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்டார். நோயாளிகள் என்றாள். அவர்களில் இளைஞர்கள் உண்டா என்று கேட்டார். உண்டு, கீழே விழுந்து எலும்பு முறித்துக்கொண்டு வருவார்கள் என்றாள். அதிகாரி எதையோ புரிந்துகொண்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆக, இருட்டான அறையில் இளைஞர்களை வரவழைத்து, அவர்கள் உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் கதை எழுதியிருக்கிறீர்கள் என்றார். இப்போதைக்கு எச்சரிக்கையோடு விடுவதாகவும், முக்கால்வாசி இடங்களில் இருட்டு என்பதை வெளிச்சக் குறைவு என்று மாற்றினால் போதும் என்றும் அதிகாரி பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

கூடத்தின் நடுவே தலைவர். அவருக்கு வலப்புறம் நிறைப் பிரிவு அதிகாரி, எப்போதும் சிரித்த முகமாக ஓர் அம்மா. இடப்புறம் குறைப் பிரிவு அதிகாரி, எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும் ஒல்லியான மனிதர். ஓரத்தில் கேன்வாஸ் ஷூவும் முதுகுப் பையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைமுடிக்கு மை பூசியிருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர்தான் மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற இளைஞர் என்று அறிமுகம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தப் பதவிக்கு வந்தாராம். இளைஞர் பதவிக்கு ஓய்வு வயது எவ்வளவு என்று எந்த விதியிலும் சொல்லவில்லை என்பதால் அப்படியே இருந்துவிட்டார். எங்க ஜெனரேஷனுக்கு இந்த அட்டைப்படம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

தலைவர் எழுந்து பேசினார். பேச்சு நீளம். எக்ஸ்ரேம்மாவுக்கு அதில் ஓரிடம் மட்டும் அப்படியே மனசில் நின்றுவிட்டது.

“இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து நான் ஒரு புத்தகத்தையும் தொட்டதில்ல. முன்பாதியும் இல்ல, பின்பாதியும் இல்ல. என்னை யாரும் விலை பேச முடியாது. ஏன்னா எனக்கு எதுவுமே தெரியாது. அந்த நேர்மையைத்தான் இளைய தலைமுறைக்கு விட்டுட்டுப் போக ஆசைப்படுறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். இளைய தலைமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது.

முதலில் நிறை வாசிக்கப்பட்டது. பட்டணத்தின் வர்ணனை நேர்த்தி. தங்கையின் துணிச்சல் அருமை. ஞாபகத்தைக் கூலியாகக் கேட்பது புதுமை. இதெல்லாம் சரிதான் என்று எக்ஸ்ரேம்மாவுக்கே கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்து நிறையம்மா குரலை உயர்த்தி, எல்லாவற்றுக்கும் சிகரமாக அண்ணன் திரும்பக் கிடைத்துவிடுவது இளைஞர்களுக்கு நம்பிக்கை ஊட்டுகிறது என்று வாசித்தார். எக்ஸ்ரேம்மா பக்கத்தில் வைத்திருந்த தன் பிரதியை அவசரமாகப் புரட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுப்பக்கத்தில் தங்கை இருட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள், ஒரு கை வந்து அவள் கையைப் பிடிக்கும், வா போகலாம் என்று அண்ணனின் குரல் கேட்கும். அந்தப் பக்கத்தோடு வெட்டிவிட்டார்கள். அடுத்த பக்கத்தில்தான் அது ஒரு கிழவனின் கை என்று வரும், முன்பாதி படித்தவர்களுக்கு அவன்தான் வாசல்காரன், அண்ணனின் குரலைத் திருடி வைத்திருக்கிறான் என்பது புரியும்.

அந்த அடுத்த பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிய குறைக்காரர் எழுந்தார். நாவல் ஆரம்பிக்கும்போதே ஒரு பெரியவர் சிறுமியின் கையைப் பிடித்து அன்போடு வழிகாட்டுகிறார். அந்தப் பெண்ணோ காரணமே இல்லாமல் அவரைப் பிடித்துத் தள்ளுகிறாள். மூத்தவர்களை மதிக்காத கதாநாயகி. பாத்திரங்களுக்கு அறிமுகமே இல்லை. எல்லோரும் எல்லோரையும் ஏற்கனவே தெரிந்தவர்கள்போல நடந்துகொள்வது செயற்கை. இதைவிடக் கொடுமை, கடைசியில் யாரென்றே தெரியாத ஒரு வாலிபன் இருட்டில் கிடக்கிறான், கதாநாயகி அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஒரு முதலுதவிகூடச் செய்யவில்லை.

எக்ஸ்ரேம்மா எழுந்து நின்றாள். நிறையம்மா சொன்ன அண்ணனும் குறைக்காரர் சொன்ன வாலிபனும் ஒரே ஆள் என்று சொல்ல வாயெடுத்தாள். தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். நூலாசிரியர் இந்த நூலை முழுவதும் படித்திருக்கிறாரா என்று கேட்டார். எழுதினவளாச்சே, படிக்காமல் எப்படி என்றாள் அவள். கூடத்தில் சலசலப்பு. தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, முழுவாசிப்புக்கு ஆளான ஒருவரின் சாட்சியத்தை ஏற்க விதியில் இடமில்லை என்று அறிவித்தார். தப்பு செய்தவளைப்போல அவள் உட்கார்ந்தாள்.

அப்புறம் கணக்குப் பார்த்தார்கள். நிறையும் குறையும் சமமாக இருந்தால்தான் முத்திரை. நிறை கூடினால் விளம்பரமாம், குறை கூடினால் விரோதமாம். இப்போது குறை ஒன்று கூடுதலாக நின்றது. ஒரு குறையை நீக்கினால் தீர்ந்தது என்றார் தலைவர். அந்த அனாதை வாலிபனைக் கதாநாயகி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதுபோல ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள், அடுத்த அமர்வில் முத்திரை போட்டுவிடுகிறோம். எவ்வளவு சின்ன விஷயம் என்று நிறையம்மா சிரித்தார். குறைக்காரர்கூட மோப்பம் பிடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தினார். நடுவில் வரும் வாசல்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று இவர்களில் ஒருத்தராவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. இவர்களில் யாராவது நிஜமாகவே எதையாவது படித்தார்களா என்ற சந்தேகம் அவளோடு பஸ்ஸில் வீடுவரை வந்தது.

அந்த ஒரு பக்கத்தை அவள் எழுதத்தான் செய்தாள். ஏன் எழுதினாய் என்று யாரும் அவளைக் கேட்க முடியாது. முத்திரை கிடைத்தால் மகளின் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் இருக்கும். மகள் ஏற்கனவே இரண்டு மூன்று பேரிடம் எங்க அம்மா எழுதின புத்தகம் வரப்போகுது என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவைப் பற்றி அவள் வெளியே பெருமையாகச் சொன்ன முதல் சொல் அது. ஒரு பக்கம்தானே, போகட்டும் என்று நினைத்தாள். அண்ணன் எழுந்து நிற்கிறான், தங்கையின் கையைப் பிடிக்கிறான், வீட்டு வாசலில் அம்மா நிற்கிறாள். எழுதி முடித்தாள்.

மகள் பள்ளி விட்டு வந்து, மேசையில் கிடந்த பக்கத்தை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“யாருக்குமா காதுல பூ சுத்துற?”

மன்றத்தில் கேட்கிறார்கள், இது இல்லாவிட்டால் புத்தகம் வராது, கடைசிப் பக்கம் மட்டும்தான் என்று அம்மா மென்று விழுங்கினாள். மகள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று எக்ஸ்ரேம்மாவுக்கு இருந்தது.

“அவன் திரும்பி வந்தா, அப்பாவும் வந்திருக்கணும்ல? நீதான் வந்துடுவாருன்னு சொன்ன. இந்தக் கதையிலதான் முதல் தடவையா உண்மையைச் சொன்ன. இதையும் மாத்திட்டின்னா நான் உன்கிட்ட எதையும் கேக்க மாட்டேன்மா.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எக்ஸ்ரேம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முத்திரை போனால் போகிறது, பெருமையும் போனால் போகிறது, இந்த ஒன்றைத் தொலைத்தால் அப்புறம் பிள்ளையே இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அடுத்த அமர்வில் தலைவர் முத்திரையை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். மைப்பெட்டியும் திறந்திருந்தது. பக்கம் எங்கே என்று கேட்டார். எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை என்றாள் எக்ஸ்ரேம்மா. மறுப்பதற்கு உரிமை உண்டு, ஆனால் மறுப்புக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று தலைவர் விதியை எடுத்துச் சொன்னார். சரி, சொல்கிறேன் என்றாள் அவள். தன் இடத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, நிழற்பட்டணத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள் என்று ஆரம்பித்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் முதல் வாசலைத் தாண்டி, இரண்டாம் வாசலைத் தாண்டி, கதையை நடுப்பக்கம்வரை கொண்டுவந்தபோது குறைக்காரருக்கு விஷயம் உறைத்தது. தனக்குத் தெரியக்கூடாத முன்பாதி தன் காதில் விழுந்துகொண்டிருக்கிறது என்று பதறிப்போய், காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பெரியவர் என்று தான் பரிந்து பேசியது வாசல்காரனுக்காகவா என்று அவர் தமக்குள் முனகியது பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. உடனே, அவர் அபிப்பிராயம் வைத்திருக்கிறார் என்று யாரோ குற்றம் சாட்டினார்கள். அவர் வெளியே ஓடினார். அந்தக் கை அண்ணனுடையது இல்லை என்ற இடம் வந்ததும் நிறையம்மா முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து போய்விட்டது. வேண்டாம்மா, நான் பென்ஷன் வாங்குற வரைக்கும் அவன் வந்துட்டான்னே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு அவரும் எழுந்தார். இரு பிரிவினரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் முதல்முறையாக ஒரே படிக்கட்டில் இறங்கினார்கள். தலைவர் தமக்கு எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்று மேசைக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேம்மா நிறுத்தவில்லை. யாருக்காகச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. தங்கை அண்ணனைக் கண்டுபிடிக்கிறாள், அவன் மார்பில் காதை வைத்துக் கேட்கிறாள், அங்கே ஒன்றும் கேட்கவில்லை, அவள் அவனுக்குப் போர்த்திவிட்டுத் தனியாகத் திரும்பி நடக்கிறாள். கதை முடிந்தபோது கூடத்தில் ஒருவர்தான் மிச்சமிருந்தார். அங்கீகாரம் பெற்ற இளைஞர் முதுகுப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளமை என்பது நம்பிக்கை என்பதால் அவருக்கு எப்போதும் முன்பாதிகளையே கொடுத்து வந்திருந்தார்கள். இத்தனை காலத்தில் எந்தக் கதையும் எப்படி முடியும் என்று அவர் அறிந்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அவன் வரவே இல்லையா?”

“இல்லைங்க.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கடைசி நல்லா இருக்கும்மா. வாசல்காரன் மட்டும் ரொம்பப் பேசுறான். நடுவுல வர்ற வாசல்ல ஒண்ணு ரெண்டைக் குறைச்சிருக்கலாம்.”

எக்ஸ்ரேம்மாவுக்கு அவர் காலில் விழுந்துவிடலாம்போல இருந்தது. அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அதற்குள் சொல்லப்பட்ட முதல் விமர்சனம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குரிய தண்டனையும் அவருக்கு உடனே கிடைத்தது. முழுவாசிப்பு, அதுவும் காதால் செய்த முழுவாசிப்பு, அதற்கு மேல் கண்ணீர். விசாரித்து, அவர் இனி வயது வந்தவர் என்று தீர்ப்பளித்துப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பிரிவு உபசாரக் கூட்டத்தில் தலைவர், இளமை என்பது நிலையில்லாதது என்று உருக்கமாகப் பேசினார். நீக்கப்பட்டவர் தலைக்கு மை பூசுவதை விட்டுவிட்டார். நூலகங்களுக்குப் போய் இத்தனை காலம் பாதியில் நின்ற புத்தகங்களின் பின்பாதியைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

புத்தகத்துக்கு என்ன ஆயிற்று என்றால், முத்திரை கிடைத்துவிட்டது. அதிசயப்பட ஒன்றுமில்லை. அமர்வு குலைந்த பழியிலிருந்து தப்பிக்க மன்றத்துக்கு ஏதாவது ஒரு கணக்கு சமமாக வேண்டியிருந்தது. ஆசிரியர் கதை சொல்லும்போது எல்லோரும் எழுந்து போகும் அளவுக்கு விறுவிறுப்பு என்று நிறைப் பிரிவு ஒரு நிறையைச் சேர்த்தது. தராசு நேராக நின்றது. ஆனால் ஒரு நிபந்தனை. இந்த நூல் முழுவதும் படிக்கப்பட்டால் விளையக்கூடிய அபாயத்தை மன்றம் நேரிலேயே கண்டுவிட்டதால், பள்ளிகளுக்கு அது இரண்டு பாதிகளாகவே அனுப்பப்படும். இரண்டும் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கும். ஒரு பாதி எடுத்த மாணவருக்கு மறு பாதி தரக்கூடாது.

எக்ஸ்ரேம்மா இதைக் கேட்டதும் பதிப்பாளரிடம் சண்டைக்குப் போனாள். பிள்ளையை இரண்டாகக் கிழித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது, முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். புத்தகங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவர் கையை விரித்தார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. கடைசியை மாற்றவில்லை, ஆனால் பாதியாக வெட்டிவிட்டார்கள், முன்பாதி மட்டும் கிடைக்கிற பிள்ளைகள் அவன் வந்துவிட்டான் என்றே நினைத்துக்கொள்ளும், நான் தோற்றுவிட்டேன் என்று இருந்ததை இருந்தபடி சொன்னாள். பார்க்கலாம் என்று மட்டும் மகள் சொன்னாள்.

கொஞ்ச நாளிலேயே நூலகரிடமிருந்து மன்றத்துக்குப் புகார் போயிற்று. மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகிறார்கள், பேசிவிட்டு முகம் மாறுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. மன்றம் ஆளை அனுப்பிக் கண்காணித்து, நடப்பது கூட்டு முழுவாசிப்பு என்று கண்டுபிடித்தது. உடனே சுற்றறிக்கை பறந்தது. முன்பாதி படித்த மாணவரும் பின்பாதி படித்த மாணவரும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. மீறுகிறவர்களின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். வகுப்பில் இந்தப் பக்கம் முன்பாதிகள், அந்தப் பக்கம் பின்பாதிகள் என்று பிரித்து உட்காரவைத்தார்கள். கணக்கு வாத்தியார் தாம் எந்தப் பக்கம் நின்று பாடம் நடத்துவது என்று தெரியாமல் வாசலில் நின்றே நடத்தினாராம்.

இப்படிப் பிரித்த அன்றைக்கு, பின்பாதிப் பக்கம் உட்காரவைக்கப்பட்ட மகள் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலேயே அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“முன்பாதி படிச்சவ ஒருத்தி இன்னிக்கு என்கிட்ட வந்து கேட்டாம்மா. அண்ணன் கையைப் பிடிச்சுட்டான்ல, அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்களான்னு.”

நீ என்ன சொன்னாய் என்று கேட்க எக்ஸ்ரேம்மாவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“வரலைன்னு சொன்னேன். அது அவன் குரல் மட்டும்தான்னு சொன்னேன். அவ நம்பவே இல்ல. என்கூடச் சண்டை போட்டா. உனக்கு எப்படித் தெரியும், நீ பொய் சொல்றன்னு கத்தினா. அப்பதான் சொன்னேன், எங்க அப்பாவும் இறந்துட்டாரு, அதனால தெரியும்னு.”

அந்தச் சொல்லை மகள் வாயிலிருந்து எக்ஸ்ரேம்மா அதுவரை கேட்டதில்லை. மகளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எக்ஸ்ரேம்மா அழாதே என்று சொல்லவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். ரொம்ப நேரம் கழித்து மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு இன்னும் நிறையக் கேக்கணுமாம். நாளைக்கு அவ பெஞ்சுலதான் உக்காரப்போறேன். பேரை எழுதி அனுப்பினா அனுப்பட்டும்.”